அக்ரிலிக் மீன் தொட்டிக்கு மேலே சூடான விளக்கு: மாட்டும் முன் தெரிய வேண்டியவை

சில வருஷங்களுக்கு முன்னால், பாளையங்கோட்டையில் என் வீட்டு முன்னறையில் நாலடி அக்ரிலிக் (கண்ணாடி மாதிரித் தெளிந்த பிளாஸ்டிக்) தொட்டி ஒன்று இருந்தது. அதற்கு 250 வாட் மெட்டல் ஹாலைடு விளக்கு. விளக்கோடு வந்த நாலு இரும்புக் கால்களைப் பொருத்தி, தொட்டியின் மேல்சட்டத்திலேயே உட்கார வைத்திருந்தேன். தண்ணீருக்கும் பல்புக்கும் நடுவே ஒரு சாண்கூட இருக்காது. செடிகள் அமோகமாக வளர்ந்தன. சித்திரை முடிகிற நேரம், ஒரு நாள் தொட்டியைக் கழுவிவிட்டுக் கண்ணாடி மூடியைத் திரும்ப வைக்கப் போனேன். வருஷக்கணக்கில் கச்சிதமாக உட்கார்ந்த மூடி, ஒரு பக்கம் உள்ளே நழுவியது. நூல் பிடித்துப் பார்த்தால் முன்சுவர் நடுவில் நாலு மில்லிமீட்டர் வெளியே தள்ளியிருந்தது. முன்சுவரையும் பின்சுவரையும் மேலே இணைக்கும் குறுக்குச் சட்டம் லேசாகத் தொய்ந்து, ஒட்டிய இடத்தில் சிலந்தி நூல் போலக் கோடுகள். நகத்தால் நெருடினால் தட்டுப்படாது. டார்ச் அடித்தால்தான் மின்னும்.

தீப்பிடிக்கவில்லை, உருகவில்லை, நாற்றம்கூட வரவில்லை. அதனால்தான் நாள்கணக்கில் எனக்குத் தெரியாமல் போனது. அந்தத் தொட்டியில் இப்போது மொட்டை மாடியில் பாதித் தண்ணீர் ஊற்றி அல்லி வளர்க்கிறேன்.

புதிதாக இதில் இறங்குகிறவர்கள் முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். விளக்கின் எடையும் சூடும் தொட்டியைத் தொடவே கூடாது. எடையைக் கூரை தாங்கட்டும், சூட்டைக் காற்று கொண்டு போகட்டும். கீழே சொல்வதெல்லாம் அதைச் செய்யும் விதம்தான்.

அக்ரிலிக்குக்குச் சூடு ஏன் ஆகாது?

அக்ரிலிக் ஏறக்குறைய 105 டிகிரி செல்சியஸில் ரப்பர் மாதிரி இளகிவிடும். "நம்ம விளக்கு அவ்வளவு சூடு எங்கே கொடுக்கப் போகுது" என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அந்த எண் சும்மா கிடக்கும் பலகைக்கு. மீன் தொட்டியின் மேல்சட்டம் சும்மா கிடப்பதில்லை. நாலடி நீளத் தொட்டியில் இரண்டடி ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால், முன்சுவரை மட்டும் இருநூறு கிலோவுக்கு மேற்பட்ட எடைக்குச் சமமான விசை வெளியே தள்ளுகிறது. அதில் ஒரு பங்கை மேல்சட்டமும் குறுக்குச் சட்டமும் ராப்பகலாக இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இழுபட்டுக்கொண்டே இருக்கும் பிளாஸ்டிக் சூடேறினால், இளகுவதற்கு வெகு முன்பே மெள்ள மெள்ள நீள ஆரம்பிக்கும். ஒட்டிய இணைப்பில் விரிசல் கோடு விழுவதும் அப்போதுதான்.

இன்னொரு சங்கதி: அக்ரிலிக் சூட்டில் கண்ணாடியைவிட ஏழெட்டு மடங்கு விரியும். நாலடிப் பலகை 20 டிகிரி கூடினால் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும். போதாக்குறைக்கு, அது சூட்டைக் கடத்துவதிலும் மகா சோம்பேறி. ஒரு இடத்தில் விழுந்த சூடு அங்கேயே தங்கிவிடும். விளக்குக்கு நேர் கீழே உள்ள கையகல இடம் விரியப் பார்க்கும், சுற்றியுள்ள குளிர்ந்த பகுதி விடாது. இந்த இழுபறி தினமும் விளக்கு போடும்போதும் அணைக்கும்போதும் நடக்கிறது.

சட்டம் சுத்தமாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். தெளிந்த அக்ரிலிக் வழியே வெளிச்சத்தில் பெரும்பகுதி கடந்து போய்விடும். அதே இடத்தில் பாசியோ, போர் தண்ணீர் காய்ந்த வெள்ளை உப்போ, தூசியோ படிந்தால் வெளிச்சம் அங்கேயே நின்று சூடாகிறது. கருப்புச் சட்டம் போட்ட தொட்டி என்றால் கேட்கவே வேண்டாம். வாரம் ஒரு முறை ஈரத் துணியால் சட்டத்தைத் துடைப்பது செலவில்லாத பாதுகாப்பு.

எந்த விளக்கு?

கோயில் கொடைக்கு லைட் செட்காரர்கள் கட்டும் 500 வாட், 1000 வாட் ஹாலஜன் ஃபோகஸ் விளக்கைத் தொட்டிக்குப் போடலாமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாகக் கொட்டும் விளக்கு அது.

மெட்டல் ஹாலைடு, செடிக்கும் அழகுக்கும் நல்ல விளக்கு. தண்ணீருக்குள் வெயில் அலையலையாக ஆடுவதுபோல அது விழுத்தும் கோடுகளுக்கு நான் இன்றும் அடிமை. நகைக்கடை, ஜவுளிக்கடைகள் எல்இடிக்கு மாறியபோது கழற்றிய 70 வாட், 150 வாட் செட்டுகள் பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். வாங்கலாம். ஆனால் பல்பைப் பாருங்கள். இரண்டு முனையிலும் பிடிப்பு உள்ள குச்சி பல்புக்கு, புற ஊதாக் கதிரைத் தடுக்க முன்னால் கண்ணாடி இருந்தே ஆக வேண்டும். அந்தக் கண்ணாடி இல்லாமலோ, கீறல் விட்டோ இருந்தால் ஒரு நிமிஷம்கூட எரிய விடக் கூடாது. கண்ணும் தோலும் கெட்டுவிடும். செடித் தொட்டிக்கு 6500 கெல்வின், அதாவது பகல் வெளிச்சம் போன்ற வெள்ளை நிறம், சரியாக இருக்கும். வீட்டில், அக்ரிலிக்குக்கு மேலே, 400 வாட் பக்கம் போகாதீர்கள் என்பது என் கட்சி. நாலடித் தொட்டிக்கு ஒற்றை 250 வாட்டைவிட இரண்டு 150 வாட் மேல். சூடு பிரிந்து விழும்.

எல்இடி வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள். அதன் சூடு பெரும்பாலும் முதுகுப் பக்கம் இருக்கும் அலுமினியத் தகட்டு வழியாக மேலே போகிறது, தொட்டிக்கு நல்லது. ஆனால் 100 வாட் ஃப்ளட் லைட்டும் எடையுள்ள பொருள்தான். மாட்டும் முறை இரண்டுக்கும் ஒன்றே.

இவ்வளவு வெளிச்சம் என்றதும் சிலருக்குப் பவள ஆசை வரும். தூத்துக்குடிக் கடல் பக்கத்தில்தானே என்று மன்னார் வளைகுடாவிலிருந்து உயிருள்ள பவளத்தை யாராவது கொண்டுவந்து தந்தால் வாங்காதீர்கள். பவளப்பாறைகளும் கடல் குதிரையும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.

கூரையில் பிடிமானம்

தொட்டியை இடத்தில் வைப்பதற்கு முன்பே கூரை வேலையை முடித்துவிடுங்கள். ஏற்கெனவே தொட்டி இருந்தால் பழைய போர்வையால் மூடி, அதன் மேல் தார்ப்பாய். கான்கிரீட் தூள் தண்ணீரில் விழுந்தால் மீனுக்கு ஆகாது. அக்ரிலிக்கில் விழுந்த தூளைக் கையால் தள்ளினால் கீறல்தான்.

முதலில் கூரை என்ன கூரை என்று பாருங்கள். கான்கிரீட் என்றால் ஹேமர் டிரில் போட்டு, துளைக்குள் விரிந்து பிடித்துக்கொள்ளும் ஆங்கர் போல்ட் அடிக்கலாம். துளை பாதியில் கம்பியில் இடித்தால் முரட்டடியாக அழுத்தாமல் நாலு விரல் தள்ளிப் போடுங்கள். டவுன் பக்கத்துப் பழைய வீடுகளில் மர உத்திரம் குறுக்கே ஓட, மேலே செங்கலும் சுண்ணாம்பும் போட்ட மச்சு இருக்கும். அங்கே செங்கல் சுண்ணாம்பில் ஆங்கர் நிற்காது, உதிரும். உத்திரத்திலேயே கனமான திருகுக் கொக்கியை இறக்க வேண்டும். உத்திரத்தைக் கரையான் அரித்திருக்கிறதா என்று தட்டிப் பார்த்துவிட்டு இறக்குங்கள். கூரைக்குக் கீழே அழகுக்குப் போட்ட ஃபால்ஸ் சீலிங் இருந்தால் அதில் எதையும் தொங்கவிடாதீர்கள். அதைத் துளைத்து, மேலே உள்ள நிஜக் கூரையைப் பிடிக்க வேண்டும்.

எங்கள் வீட்டு எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி டிரில்லைக் கையில் எடுத்த என்னைப் பார்த்து, "மேல ஃபேன் கம்பி சும்மா கெடக்கும்போது எதுக்குடே புதுசா ஓட்டை போடுதே?" என்றார். பாதி நியாயம். வீடு கட்டும்போதே கம்பியோடு கட்டி, கான்கிரீட்டில் பதித்த ஃபேன் கொக்கி, நாம் அடிக்கும் எந்த ஆங்கரையும் விட உறுதி. ஆனால் அது ஒரே ஒரு புள்ளி. ஒற்றைக் கொக்கியில் தொங்கும் விளக்கு ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது ஊஞ்சல் மாதிரி ஆடும், சுற்றும். நடுத் தண்ணீருக்கு மேல் இருக்க வேண்டிய சூடு, சட்டத்துக்கு மேல் போய் நிற்கும். அதனால் நான் செய்தது இது: தொட்டியின் நீளத்துக்கு ஒரு ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்). அதன் இரு முனைகளையும் கூரையில் இரண்டு ஆங்கரிலிருந்து வரும் சங்கிலி தாங்கும். விளக்குகள் அந்தப் பைப்பில். ஃபேன் கொக்கியிலிருந்து ஒரு இரும்பு வயர் ரோப் தனியாக வந்து, பைப்பைக் கொஞ்சம் தொய்வாகச் சுற்றிப் பிடித்திருக்கும். சங்கிலி எது அறுந்தாலும் இது பிடித்துக்கொள்ளும். மேடை விளக்குக்காரர்கள் ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டாவதாக ஒரு சங்கிலி போடுவதும் இதற்குத்தான்.

சங்கிலி, பற்ற வைத்த வளையமாக இருக்கட்டும். சும்மா வளைத்துவிட்ட வளையம் விரியும். இணைக்க டி ஷாக்கிள் (குறுக்கே திருகாணி போட்டு மூடும் இரும்பு வளையம்), உயரம் சரிசெய்ய டர்ன்பக்கிள் (திருகினால் நீளம் கூடிக் குறையும் இணைப்பு). நைலான் கயிறு, கேபிள் டை இரண்டும் விளக்குப் பக்கமே வரக் கூடாது, சூட்டில் இளகிவிடும்.

பைப் எங்கே வர வேண்டும்? கொத்தனார் தூக்குக்குண்டு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். தொட்டியின் மேலே சட்டத்தில் வெட்டிவிட்ட திறப்புகள் இருக்கும் அல்லவா, ஒவ்வொரு திறப்பின் நடுவுக்கும் நேர் மேலே கூரையில் சாக்பீஸால் குறி போட்டு, அங்கிருந்து குண்டைத் தொங்கவிட்டுச் சரிபாருங்கள். பல்பின் நேர்க் கீழே தண்ணீர்தான் இருக்க வேண்டும். குறுக்குச் சட்டம் இரண்டு விளக்குக்கும் நடுவே விழ வேண்டும். ஒரே விளக்கு, ஒரே குறுக்குச் சட்டம் என்றால் விளக்கை ஒரு பக்கமாகத் தள்ளிவிடுங்கள். பார்வைக்குக் கோணலாக இருக்கும், பரவாயில்லை.

விளக்கை மாட்டும் முன் ஒரு சோதனை. 25 கிலோ அரிசிச் சிப்பத்தைப் பைப்பில் கட்டி ஒரு இரவு முழுவதும் தொங்கவிடுங்கள், தொட்டி இல்லாத நேரத்தில். காலையில் ஆங்கரைச் சுற்றிப் புதுத் தூள் உதிர்ந்திருக்கிறதா, கூரையில் முடிக்கோடு விட்டிருக்கிறதா என்று பாருங்கள். விளக்குகளின் எடை பத்துக் கிலோவைத் தாண்டுமானால் இரண்டு சிப்பம் கட்டிப் பாருங்கள்.

எவ்வளவு உயரம்?

இதற்கு எல்லோரும் ஒரு எண்ணைத்தான் கேட்கிறார்கள். விளக்கோடு வந்த தாளில் குறைந்தபட்ச தூரம் போட்டிருந்தால் அதற்குக் கீழே போகவே கூடாது. பழைய செட்டுக்குத் தாள் ஏது? அதற்கு என் கணக்கு: பல்பிலிருந்து அக்ரிலிக் சட்டம் வரை 45 சென்டிமீட்டரில் ஆரம்பியுங்கள். பிறகு அளந்து, தேவைப்பட்டால் ஐந்து ஐந்து சென்டிமீட்டராக இறக்குங்கள். 150 வாட்டுக்கு 30 வரை வந்திருக்கிறேன், அந்த முதல் தொட்டிக்குப் பிறகு 250 வாட்டுக்கு 40-ஐத் தாண்டி இறக்கியதில்லை.

அளப்பதற்கு அகச்சிவப்பு வெப்பமானி வேண்டும். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நீட்டினார்களே, அது உதவாது. அது உடல் சூட்டு அளவுக்குள்தான் காட்டும். மெக்கானிக்குகள் வைத்திருக்கும் வகையை வாங்குங்கள். விளக்கை மூன்று மணி நேரம் எரியவிட்டு, அணைத்த உடனே, சட்டத்துக்கு ஒரு சாண் அருகில் பிடித்து அளக்க வேண்டும். விளக்கு எரியும்போது அளந்தால் சட்டத்தில் பட்டுத் திரும்பும் கதிரும் சேர்ந்து எண்ணைக் கெடுக்கும். குறுக்குச் சட்டத்தின் நடு, அதன் இரண்டு ஒட்டு முனைகள், நீளச் சட்டத்தில் விளக்குக்கு மிக அருகே உள்ள இடம் என்று நாலைந்து இடத்தில் பாருங்கள். 45 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி. 50-ஐத் தொட்டால் ஐந்து சென்டிமீட்டர் ஏற்றுங்கள். 60 என்று வந்தால் அன்றைக்கு விளக்கே வேண்டாம்.

வெப்பமானி வரும் வரை கை இருக்கிறது. விளக்கை அணைத்துவிட்டு உள்ளங்கையைச் சட்டத்தில் முழுசாகப் பதியுங்கள். பத்து எண்ணுவதற்குள் எடுக்கத் தோன்றினால் உயரம் போதாது.

இந்தச் சோதனையை மார்கழியில் செய்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். நம்மூரில் கத்திரி வெயிலில் அறைச் சூடே 36, 37-ல் நிற்கும். மார்கழியில் 42 காட்டிய சட்டம் அப்போது சுலபமாக 50-ஐ எட்டும். சித்திரை பிறந்ததும் மறுபடி அளக்க வேண்டும்.

விளக்குக்கும் தொட்டிக்கும் நடுவே கூடுதல் தடுப்பு வேண்டுமானால் 6 மில்லிமீட்டர் டஃபன்ட் கண்ணாடி (சூடேற்றி உறுதியாக்கியது) போடுங்கள். அதையும் பைப்பிலிருந்தே தொங்கவிடுங்கள், தொட்டியில் சாய்க்காதீர்கள். சாதாரணக் கண்ணாடி, சூட்டில் ஒரு துளி தண்ணீர் தெறித்தாலே விட்டுப்போகும். டஃபன்ட் ஆன பிறகு வெட்டவோ துளைக்கவோ முடியாது, அளவையும் துளையையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தடுப்பாக அக்ரிலிக் பலகையையே போடுகிற வேலை வேண்டாம்.

மின்சாரம்

தெரியாதவர்கள் இதில் கை வைக்க வேண்டாம், லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஆனால் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். தொட்டிக்கான மொத்த இணைப்பும், மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி வழியாக வர வேண்டும். விளக்கின் உலோகக் கூடும், அந்த ஜிஐ பைப்பும் எர்த் ஆகியிருக்க வேண்டும். மெட்டல் ஹாலைடோடு வரும் சோக் (பல்புக்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது), இக்னைட்டர் இரண்டும் தொட்டி ஸ்டாண்டுக்குள் கூடாது. சுவரில், காற்றோட்டமாக, தண்ணீர் தெறிக்காத உயரத்தில். சோக் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகும், மரப் பலகையில் நேரடியாக அறையாதீர்கள். இக்னைட்டர் பல்பைப் பற்றவைக்க ஆயிரக்கணக்கான வோல்ட்டை ஒரு கணம் அனுப்புகிறது. அதனால் அதிலிருந்து பல்புக்குப் போகும் வயர் அதற்கென்றே உள்ள, சூடு தாங்கும் வயராக இருக்க வேண்டும். இடையில் டேப் சுற்றிய ஒட்டு இருக்கக் கூடாது. ஒவ்வொரு வயரும் பிளக்குக்குப் போகும் முன் ஒரு முறை கீழே தொங்கி மேலே ஏறட்டும். வயரில் வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

நான் பிற்பாடு சேர்த்த ஒன்று: கோழிக்குஞ்சு பொரிக்கும் இன்குபேட்டருக்கு விற்கிறார்களே, தெர்மோஸ்டாட் கன்ட்ரோலர், அது. அதன் சென்சார் நுனியைக் குறுக்குச் சட்டத்தில், மீன் தொட்டி சிலிக்கான் பசையால் ஒட்டி, 50 டிகிரி தாண்டினால் விளக்கை அணைக்கும்படி எலக்ட்ரீஷியனிடம் சொல்லி இணைத்தேன். மறுபடி போடும் சூட்டைப் பத்து டிகிரி கீழே வையுங்கள். இல்லாவிட்டால் விளக்கு பட்பட்டென்று போட்டு அணைக்கும்.

காற்றும் தண்ணீரும்

நெல்லைக்காரர்களுக்கு இதில் ஒரு சவுகரியம் இருக்கிறது. நம் கோடைக்காற்று காய்ந்த காற்று. தண்ணீர் மட்டத்தின் மேல் படும்படி ஒரு சின்ன ஃபேன் வைத்தால் ஆவியாகும் தண்ணீரே சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஒரு லிட்டர் ஆவியானால் ஏறக்குறைய முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவான சூடு போகிறது. இரண்டு 150 வாட் விளக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் 2.4 யூனிட். அதாவது மூன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியானால் கணக்கு நேர். தூத்துக்குடியில் இருக்கும் நண்பர்களுக்கு இது இவ்வளவு பலிக்காது, கடற்காற்றில் ஈரம் அதிகம். ஃபேன் காற்று சட்டத்தின் மேலும் தண்ணீரின் மேலும் படட்டும், பல்பின் மேல் நேராக வேண்டாம். குறைந்த தண்ணீருக்குப் போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும். தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர் என்றால் பிடித்து, குளோரின் போக்கிவிட்டு ஊற்றுங்கள்.

விளக்கு நேரத்தை மாலை ஐந்திலிருந்து இரவு பதினொன்று என்று டைமரில் வைத்திருக்கிறேன். வெயில் இறங்கிய நேரம், வீட்டில் ஆள் இருக்கும் நேரம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பகலில்தான் வரும் என்பதால் அதிலிருந்தும் தப்பிக்கிறது. மெட்டல் ஹாலைடு ஒரு முறை அணைந்தால் ஆறும் வரை, பத்துப் பதினைந்து நிமிஷம், மறுபடி பற்றாது. கரண்ட் வந்தும் எரியவில்லையே என்று சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைக்காதீர்கள்.

தொட்டிக்குள் கை விடும் முன் விளக்கை அணைத்து இருபது நிமிஷம் பொறுங்கள். சூடான பல்பில் தண்ணீர் தெறித்தால் வெடிக்கும். தண்ணீர் மாற்றும் நாளிலும் விளக்கு வேண்டாம்.

பல்பு மாற்றும்போது வெறும் விரல் படக் கூடாது, விரல் எண்ணெய் பட்ட இடத்தில் குவார்ட்ஸ் கெடும். பட்டுவிட்டால் ஸ்பிரிட்டால் துடைக்கலாம், ஆனால் தொட்டியிலிருந்து தள்ளி, அடுத்த அறையில் வைத்து. அதே ஸ்பிரிட், ஜன்னல் கண்ணாடி துடைக்கும் நீல திரவம், தின்னர் எதுவும் அக்ரிலிக்கில் ஒரு சொட்டு பட்டாலும் இழுபட்டுக்கொண்டிருக்கும் சட்டத்தில் விரிசல் கோடு ஓடும். முதல் தொட்டியில் நான் பார்த்த கோடுகளில் சில சூட்டால் வந்தவையா, ஸ்பிரிட் துணியால் வந்தவையா என்று இன்றும் எனக்குச் சந்தேகம் உண்டு. பழைய பல்பில் பாதரசம் இருக்கிறது. உடைக்காமல், வாங்கிய அட்டைப் பெட்டியிலேயே போட்டு, மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.